28-ஐ விட 29 சின்னது!

அப்பா சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார். ஓட்டும்போது இல்லை, இறங்கும்போது.

விடியக்காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கிவருவது அவர் வழக்கம். அன்றைக்கும் போய்விட்டு வந்து, வீட்டு வாசலில் காலைத் தூக்கி கேரியருக்கு மேலே திருப்பும்போது கைலி சீட்டு ஸ்பிரிங்கில் மாட்டிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், கானாங்கெளுத்தி ஒரு பக்கம். பெரிய அடி ஒண்ணும் இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். ஆனா வயசு எழுபத்து நாலு. அம்மா அங்கேயே தீர்ப்பு எழுதிட்டாங்க.

"இனிமே அந்த எமனை வெளிய எடுக்கக்கூடாது. காயலான் கடைக்குப் போட்டுடு!"

எமன் என்பது கறுப்பு கலர் 28 இன்ச் சைக்கிள். கடலூர் ரோட்டு ஏ.எஃப்.டி. மில்லுக்கு (பழைய ஆளுங்களுக்கு அது ரோடியர் மில்) அப்பா வேலைக்குப் போன காலமெல்லாம் ஓட்டின வண்டி. பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு எல்லாம் அதற்குத் தெரியும். மில்லின் முழுப்பெயர் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். 1898-ல் ஆரம்பித்த அந்த மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள். சைக்கிள் மட்டும் ஓடிக்கிட்டிருந்தது. இப்போ அதுக்கும் மூடுவிழா.

அப்பா எதுவும் பேசவில்லை. ஆனா மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து, வாசல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. சரி, அவர் சுலபமாக ஏறி இறங்குகிற மாதிரி, உடம்பை உலுக்காத மாதிரி வேறு ஒரு சைக்கிள் வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். ஒரு சைக்கிள் வாங்கறதுக்கு 130 வருஷ சரித்திரம் படிக்கவேண்டி வரும்னு அப்போ தெரியாது :-)

* * *

முதலில் என் சொந்தக் கதை ஒண்ணு.

பத்து வருஷம் முன்னாடி நானும் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினேன். எடை ஒன்பது கிலோ. ஒரு விரலில் தூக்கலாம். டயர் 700 × 23சி, அதாவது அகலம் வெறும் 23 மி.மீ. என் பெருவிரல் அதைவிட கொஞ்சம்தான் ஒல்லி. காற்று 110 பி.எஸ்.ஐ. அடிக்கணும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அடித்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்தது. துறைமுக ரோட்டில்? மணல், பேட்ச் வேலை, வேகத்தடை, மறுபடி பேட்ச் வேலை. மரப்பாலம் வந்து சேர்வதற்குள் இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போகும். பல் கிட்டும்.

ஒருநாள் அதே ரோட்டில் அப்பாவும் நானும் சேர்ந்து வந்தோம். இருபது கிலோ இரும்பு வண்டியில் அவர் கைலி காற்றில் ஆட, ஏதோ ஊஞ்சலில் வருகிற மாதிரி வருகிறார். நான் உரலில் போட்ட நெல் மாதிரி வருகிறேன். "என்னாடா, இவ்ளோ துட்டு குடுத்து இந்தக் கஷ்டமா?" என்றார். ரோஷமாக இருந்தது.

அதைவிடக் கொடுமை, அந்த டியூபில் இருந்தது பிரெஞ்சு வால்வு. எத்தியேன் ஸ்க்லாவெராண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1893-ல் கொண்டுவந்த ஒல்லி வால்வு. ஒருநாள் வழியில் காற்று இறங்கிவிட்டது. கடை கடையாகத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லாரிடமும் இருந்தது நம்ம வால்டியூப் போடுகிற சைக்கிளுக்கான பம்பு, இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் பம்பு. 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் பிரெஞ்சு வால்வுக்குக் காற்றடிக்க வழியில்லாமல் மூணு கிலோமீட்டர் நடந்தேன். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

* * *

இப்போ அப்பாவுக்கு வண்டி பார்க்கப் போன கதை. கடைக்காரர் அடுக்கினார். "24 இருக்கு, 26 இருக்கு, 26-லயே ரெண்டு விதம் இருக்கு, 27.5, 29, அப்புறம் 700சி. எது சார் வேணும்?"

"அப்பா வச்சிருக்கறது 28. அது உயரமா இருக்கு. கொஞ்சம் சின்னதா வேணும்."

"அப்போ 29 வேணாம் சார், இன்னும் பெருசு."

நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து சும்மா இருக்காமல் டேப் எடுத்து அப்பா வண்டியின் ரிம்மை அளந்தேன். டயர் உட்காரும் இடத்தில் குறுக்களவு 635 மி.மீ. மறுநாள் கடையில் 29 இன்ச் வண்டியின் டயர் ஓரத்தில் அச்சடித்திருந்ததைப் பார்த்தேன்: 57-622. அதாவது அகலம் 57, ரிம் 622. 28-ன் ரிம் 635, 29-ன் ரிம் 622! அப்புறம் என் ரேஸ் சைக்கிளைப் பார்த்தால் 23-622. அதுவும் அதே ரிம்தான், பெயர் மட்டும் 700சி. தலை சுற்றியது.

இது யார் செய்த குழப்பம் என்று தேடிப்போனதுதான் மிச்சம். கதை இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் ஓடுகிறது. நம்ம புதுச்சேரி கதை மாதிரியே!

* * *

காற்று டயர் வருவதற்கு முன்னால் சைக்கிள் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான். அதற்கும் முன்னால் இரும்புப் பட்டை. அந்த வண்டிக்கு இங்கிலாந்தில் எலும்புக்குலுக்கி என்றே பெயர் வைத்திருந்தார்கள். பழைய படங்களில் முன் சக்கரம் ஆள் உயரமும், பின் சக்கரம் தாம்பாளம் அளவும் இருக்குமே, அந்த வண்டி அப்படி இருந்ததற்கு இரண்டு காரணம். செயின் கிடையாது, பெடல் நேராக முன் சக்கரத்தில்; ஒரு சுற்றில் நிறைய தூரம் போகணும்னா சக்கரம் பெரிதாக இருக்கணும். இரண்டாவது, பெரிய சக்கரம் சின்னக் குழிகளில் விழாமல் தாண்டும். டயரில் மெத்தை இல்லாத காலத்தில் சக்கர அளவுதான் மெத்தை.

1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் என்ற வண்டியைக் கொண்டுவந்தார். செயின் வைத்தது. இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட சமம். இன்றைய சைக்கிளின் தாத்தா. கீழே விழுந்தால் தலை உடையாது, ஆனால் சக்கரம் சிறிதானதால் குலுக்கல் அதிகம். மூணு வருஷம் கழித்து, 1888-ல், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூணு சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாய் சுற்றிக் கொடுத்தார். (ராபர்ட் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதனால் டன்லப்பின் காப்புரிமை பின்னாடி செல்லாமல் போனது. பெயர் மட்டும் டன்லப்புக்கே நின்றுவிட்டது.)

அன்றைக்கு ஒரு விஷயம் மாறியது. மெத்தை சக்கரத்திலிருந்து டயருக்கு வந்துவிட்டது. இந்தப் பதிவில் ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வைக்கணும்னா இதை வச்சுக்கங்க.

டன்லப் டயரில் ஒரு சங்கடம். ரிம்மோடு ஒட்டியிருக்கும். பஞ்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, காய வைத்து... ஒரு ராத்திரி போயிடும். கிளெர்மோன்-ஃபெராண்டில் ரப்பர் தொழிற்சாலை வைத்திருந்த மிஷலின் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டும் டயர் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் முதல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போட்டி. போக வர சுமார் 1200 கிலோமீட்டர். மிஷலின் டயரில் ஓட்டிய ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிஷத்தில் வந்து ஜெயித்தார். தூங்காமல்! அந்தச் சவாரி போட்டியாக இல்லாமல், குறித்த நேரத்துக்குள் முடிக்கும் நெடுந்தூரப் பயணமாக இன்னும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 2023-ல் நம்ம நாட்டிலிருந்தும் போய் ஓட்டினார்கள்.

* * *

இனி பெயர்க் குழப்பம்.

இங்கிலீஷ்காரன் இஞ்ச்சில் அளந்தான். டயர் போட்ட சக்கரத்தின் வெளி அளவு, அப்புறம் டயரின் தடிமன். 28 × 1½, 26 × 1⅜ என்று. பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டரில் அளந்தான். வெளி அளவு 700, 650 என்று வைத்து, டயர் தடிமனுக்கு ஒரு எழுத்து: ஏ ஒல்லி, பி நடுத்தரம், சி குண்டு. வெளி அளவு ஏறக்குறைய மாறக்கூடாது என்பதால் டயர் குண்டாகக் குண்டாக ரிம் சின்னதாகும். 700ஏ-வுக்கு ரிம் 642, பி-க்கு 635, சி-க்கு 622.

கவனிச்சீங்களா? 700சி என்பது உண்மையில் குண்டு டயருக்காகப் பிறந்த ரிம்! பின்னாளில் ரேஸ்காரர்கள் அதே ரிம் அளவில் ஒல்லி டயரைப் போட்டு ஓட்ட, "700சி என்றால் ஒல்லி" என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் மலைச் சைக்கிள்காரர்கள் அதே 622 ரிம்மில் 57 மி.மீ. டயர் போட்டார்கள். 622 + 57 + 57 = 736 மி.மீ., அதாவது 29 இன்ச். அதனால் பெயர் 29. ரிம் அதேதான்.

நம்ம அப்பாவின் 28 × 1½? அதன் ரிம் 635. பிரெஞ்சுக் கணக்கில் அதுதான் 700பி. நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த அளவு வெளிநாட்டு டயர்களின் ஓரத்தைப் பாருங்கள், சிலதில் 28 × 1½, 700 × 38பி, 40-635 என்று மூணு பெயரும் ஒண்ணாக இருக்கும். கடலூர் பக்கம் பிரிட்டிஷ்காரன், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், நடுவில் சுங்கச் சாவடி என்று இருந்த காலத்தில், ஒரே சக்கரம் கோட்டைத் தாண்டினால் கணக்குப்படி பெயர் மாறும். மில்லுக்கு மட்டுமா, அப்பாவின் சைக்கிள் சக்கரத்துக்கும் ஆங்கிலோ பிரெஞ்சு என்று பெயர் வைக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரு இடத்தில் எழுதி வைக்கிறேன். கடைக்குப் போகும்போது உதவும்.

28 × 1½ = 700பி = ரிம் 635
29 = 700சி = ரிம் 622
26 × 1⅜ = 650ஏ = ரிம் 590
27.5 = 650பி = ரிம் 584
மலைச் சைக்கிள் 26 = ரிம் 559

"26-லயே ரெண்டு விதம்" என்று கடைக்காரர் சொன்னது கடைசி இரண்டு 26-ஐத்தான். ஒன்றின் டயர் இன்னொன்றுக்கு உட்காராது. பெயரை நம்பாதீங்க, கடைசி மூணு இலக்க நம்பரைப் பாருங்க.

* * *

பிரான்ஸில் இன்னொரு ஆள் இருந்தார். பெயர் போல் தெ விவி, புனைபெயர் வெலோசியோ (1853-1930). சேந்த்-எத்தியேன் ஊர்க்காரர். சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். கியர் வேண்டும் என்று ரேஸ்காரர்களோடு சண்டை போட்டவர். அதே பிடிவாதத்தோடு இன்னொன்றும் சொன்னார்: ரோடு மோசமாக இருக்கும்போது ஒல்லி டயர் முட்டாள்தனம், அகலமான டயரும் சின்னச் சக்கரமும்தான் நெடுந்தூரத்துக்கு நல்லது என்று. அவருக்குப் பின்னால் வந்த பிரெஞ்சு நெடுந்தூர சவாரிக்காரர்கள் 650பி-யில் நாற்பது மி.மீ. வாக்கில் டயர் போட்டு மலையெல்லாம் ஏறி இறங்கினார்கள்.

நம்ம பக்கம் என்ன நடந்தது? 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. 1951-ல் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. ஹீரோ 1986-ல் உலகத்திலேயே அதிக சைக்கிள் செய்கிற கம்பெனி என்று கின்னஸில் ஏறியது. எல்லாருக்கும் அடிப்படை இங்கிலீஷ் ரோட்ஸ்டர் வண்டிதான், 28 × 1½.

இந்த வண்டியை ஒருதரம் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து முன்னால் நீண்டிருக்கும், குழியில் இறங்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஸ்போக்ஸ் கம்பி முன்னால் 32, பின்னால் 40. எடை பின்னால்தான் அதிகம் விழும் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. கம்பி பிரேக் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காமல், உள்பக்கத்தைப் பிடிக்கும். அதனால் சக்கரம் லேசாகக் கோட்டமானாலும் பிரேக் உரசாது. ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. 40 மி.மீ. டயர். பால்கேன், புல்லுக்கட்டு, பின்னால் பெண்டாட்டி, முன்னால் பாரில் பிள்ளை, எல்லாவற்றையும் மண்ரோட்டில் இழுக்கணும் என்று செய்த வண்டி. வெலோசியோ கேட்ட அகல டயர் ஒரு மில் தொழிலாளியின் வண்டியில் சாதாரணமாக இருந்திருக்கிறது.

அகல டயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சாட்சி. 1954, புதுச்சேரி கைமாறிய அதே வருஷம், வியட்நாமில் தியன் பியன் பூ சண்டை. பிரெஞ்சு ராணுவத்துக்கு எதிராக வியட்மின் படை மலைப்பாதையில் சாமான் கொண்டுபோனது சைக்கிளில். அதில் பல பிரெஞ்சு கம்பெனி பெஜோவின் வண்டிகள்! ஏறி ஓட்டவில்லை, ஹேண்டில்பாரில் மூங்கில் கட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேல். நம்ம ஊரில் சைகோன் சம்பந்தம் உள்ள குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு இந்தச் சண்டை வீட்டுக் கதை.

* * *

அப்புறம் எப்படி ஒல்லி டயருக்குப் போனோம்?

ரேஸ் பார்த்துத்தான். 1980-களிலும் 90-களிலும் ரேஸ்காரர்கள் 19, 20, 23 மி.மீ. டயரில் ஓட்டினார்கள். ஒல்லியாக, கல் மாதிரி காற்றடித்தால் வேகம் என்பது வேதவாக்கு. சோதனைக் கூடத்தில் வழவழ இரும்பு உருளையில் டயரை உருட்டிப் பார்த்தால், காற்று ஏற ஏற உராய்வு குறையத்தான் செய்தது. ஆனால் உருளை மேலே மனுஷன் உட்கார்ந்திருக்கவில்லையே! நிஜ ரோட்டில் டயர் வாங்காத அதிர்ச்சியை உடம்பு வாங்குகிறது. சதை குலுங்குகிறது. அந்தக் குலுக்கலில் போகிற சக்தி, நாம் மிதித்துப் போட்ட சக்திதான். 2000-களின் நடுவில் அமெரிக்காவில் பைசைக்கிள் குவார்ட்டர்லி என்ற பத்திரிகை நடத்திய யான் ஹைனே, நிஜ ரோட்டில் ஆளை ஏற்றிச் சோதித்து, நல்ல மெல்லிய உடம்புள்ள அகல டயர் குறைந்த காற்றிலும் வேகம் குறையவில்லை என்று எழுதினார். முதலில் யாரும் நம்பவில்லை. இப்போது ரேஸ்காரர்களே 28, 30 மி.மீ. என்று வந்துவிட்டார்கள். 2007-ல் கிர்க் பசென்ட்டி என்ற அமெரிக்கர் 650பி ரிம்முக்கு மலைச் சைக்கிள் டயர் கொண்டுவர, செத்துப்போன பிரெஞ்சு அளவு 27.5 என்ற புதுப் பெயரில் உலகமெல்லாம் வந்துவிட்டது. பாட்டன் சொத்தைப் பேரனுக்கே புதுசு என்று விற்ற கதை.

சரி, கணக்கு. பயப்படாதீங்க, நாலாம் கிளாஸ் கணக்குதான்.

ஒரு சக்கரத்தின் மேல் 45 கிலோ, அதாவது சுமார் 100 பவுண்டு விழுகிறது என்று வைப்போம். டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்று என்றால் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு சதுர அங்குலம். 50 பி.எஸ்.ஐ. என்றால் இரண்டு சதுர அங்குலம். அவ்வளவுதான் ரகசியம். காற்று குறைந்தால் டயர் அமுங்கி, கல்லை விழுங்கும். ஆனால் ஒல்லி டயரில் காற்றைக் குறைத்தால் குழியில் ரிம் தரையில் இடித்து டியூபைப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை போடும். அகல டயரில் அமுங்க இடம் இருப்பதால்தான் காற்றைக் குறைக்க முடிகிறது.

சரி, சக்கர அளவு? பெரிய சக்கரம் குழியைத் தாண்டும் என்றேனே. 20 சென்டிமீட்டர் அகலக் குழி ஒண்ணு. அப்பாவின் சக்கரம் (டயரோடு 715 மி.மீ.) அதில் 14 மி.மீ. இறங்கும். என் ரேஸ் சக்கரம் (668 மி.மீ.) 15 மி.மீ. இறங்கும். வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்! டயர் தடிமனில் வித்தியாசம் 17 மி.மீ. ஊஞ்சல் எங்கே இருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு கூட்டல். 650பி-யில் 42 மி.மீ. டயர்: 584 + 84 = 668. என் ரேஸ் சக்கரத்தின் வெளி அளவேதான். 26 × 1⅜, அதாவது 37-590: 590 + 74 = 664. அதுவும் கிட்டத்தட்ட அதே. இந்தச் சின்ன ரிம், அகல டயர் சேர்க்கையில் ஓட்டம் எங்கேயும் போகாது, மெத்தை கிடைக்கும், 28-ஐ விட வண்டியும் தாழ்வாக இருக்கும்.

* * *

ஆக அப்பாவுக்கு இரண்டில் ஒன்று. 584-ஆ, 590-ஆ? ஆசை 584 மேல்தான். வெலோசியோ வழிவந்த சக்கரமாச்சே! ஆனா நம்ம பக்கத்துக் கடைகளில் 584-க்குக் கிடைப்பது பெரும்பாலும் முள்ளு முள்ளாக இருக்கும் மலை டயர். வழவழ டயர் வெளியூரிலிருந்து வரவழைக்கணும். பிரெஞ்சு வால்வோடு நடந்த மூணு கிலோமீட்டர் ஞாபகம் வந்தது. எழுபத்து நாலு வயசு மனுஷனை அப்படி நடக்க வைக்கக்கூடாது. 26 × 1⅜ டயர் எந்தத் தெருமுனைக் கடையிலும் தொங்கும். டியூபும் அப்படியே. வால்டியூப் போட்டு எவர் வேண்டுமானாலும் காற்றடிப்பார். 590-தான் என்று முடிவு செய்தேன். ரிம் அலுமினியம். தேங்காய்த்திட்டு உப்புக் காற்றில் இரும்பு ரிம் துரு பிடிக்கும் என்பது ஒரு பக்கம், மழையில் முலாம் பூசின இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது இன்னொரு பக்கம்.

ஃபிரேம்? விழுந்ததே காலைத் தூக்கினதால்தான். மேல் பார் இல்லாத ஃபிரேம்தான் வேணும். அதை, நம்ம ஊரில், என்னவென்று சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். வண்டியை வாசலில் நிறுத்தினேன். அப்பா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"பொம்பளை வண்டியா?"

"இல்லப்பா, இறங்கறதுக்கு சுலபம்."

"மில்லு ஆளுங்க பார்த்தா சிரிப்பானுங்க."

எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, பலர் ஆண்கள் வண்டியையே விரும்பி ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக. அதைச் சொன்னேன். "அவங்களுக்கு எது வசதியோ அதை எடுத்துக்கிட்டாங்க. ஆம்பளை வண்டின்னு யாரும் கூச்சப்படலப்பா." அப்பா பதில் சொல்லவில்லை. வண்டி மூணு நாள் சும்மா நின்றது.

நாலாம் நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் வண்டி இல்லை. அப்பாவும் இல்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறே காலுக்கு வந்தார். பிரேக் பிடித்து, நின்று, கைலியைக் கொஞ்சம் ஒதுக்கி, பாட்டுக்கு இறங்கினார். ஹேண்டில்பாரில் பை. "காத்து கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சிட்டான், குறைச்சு விடு" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

காற்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கர் கணக்கு ஒண்ணு போட்டு வைத்திருக்கிறார்: ஆள் உட்கார்ந்ததும் டயர் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்கினால் சரி. 37 மி.மீ. டயரில் அது ஐந்து, ஐந்தரை மி.மீ. அப்பா எடைக்கு பின்னால் 45-லிருந்து 50, முன்னால் 35 பி.எஸ்.ஐ. வாக்கில் வரும். வால்டியூப் போட்ட வால்வில் கேஜ் ஒழுங்காகக் காட்டாது என்பதால், அவரை உட்கார வைத்து, டயர் லேசாகப் பிதுங்குகிறதா என்று குனிந்து பார்த்துத்தான் விடுகிறேன். பழைய சைக்கிள் கடை அண்ணன்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததும் இதே கணக்குதான்.

என் ரேஸ் சைக்கிளுக்கும் வைத்தியம் பண்ணினேன். ஃபோர்க்கில் 28 மி.மீ.க்கு மேல் இடம் இல்லை. அதைப் போட்டு, காற்றை 75-க்கு இறக்கினேன். கை மரத்துப்போவது பாதி குறைந்தது. மீதிக்கு வேறு வண்டிதான் வாங்கணும். நீங்கள் புதிதாக வாங்குவதாக இருந்தால், சக்கரத்தின் பெயரைப் பார்க்கும் முன் ஃபோர்க்குக்கும் பிரேக்குக்கும் நடுவில் எவ்வளவு அகல டயர் போகும் என்று பாருங்கள். நம்ம ரோட்டுக்கு 35-க்குக் குறையாமல் போனால் நல்லது.

28 இன்ச் எமன் காயலான் கடைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டுகிறேன். போன வாரம் பின் டயர் தேய்ந்துபோனது என்று மரப்பாலம் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் ஏணி போட்டுப் பரணில் ஏறி, தூசு தட்டி, ஒண்ணு எடுத்துக் கொடுத்தார்.

"28 இப்ப யாரும் கேக்கறதில்ல தம்பி. இன்னும் ரெண்டுதான் இருக்கு."

அந்த இரண்டையும் வாங்கி வந்துவிட்டேன்.